பன்னீராண்டு வறட்சியும் ஒரு பிச்சைப் பாத்திரமும்

பேரழிவு என்றதும் தமிழிலக்கிய வாசகருக்கு முதலில் நினைவில் எழுவது கடல்தான். திண்டுக்கல் சமவெளியில் வாழ்வோர்க்கு அழிவு அலையாக வருவதில்லை. வராமற்போகும் மழையாக, ஓசையின்றி வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்கு மலைகள் வாங்கிக்கொள்ள, இங்குள்ள குளங்களும் கிணறுகளும் ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பியிருக்கின்றன. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மதுரைக்கு வழி சொல்லும் மறையோன், சிறுமலையை வாழையும் கமுகும் தெங்கும் செழித்த மலையாகக் காட்டுகிறான். முல்லையும் குறிஞ்சியும் கோடையில் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சொல்பவனும் அவனே.

இந்நிலம் அடங்கிய பாண்டிய நாட்டின் பன்னீராண்டு வறட்சியைப் பற்றித் தமிழில் இரண்டு கதைகள் உள்ளன. இறையனார் களவியல் உரையில் அரசன் புலவர்களை அழைத்து, தம்மால் இனிப் புரக்க இயலாது, நாடு நாடாகும்போது வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறான். மழை பெய்தபின் அவன் கவலையெல்லாம் பொருளதிகாரம் வல்லார் கிடைக்கவில்லையே என்பதுதான். (உழுதவர்கள் என்ன ஆனார்கள் என்று உரைகாரர் கேட்கவில்லை.) மற்றொன்று பௌத்தக் காப்பியமான மணிமேகலை சொல்லும் ஆபுத்திரன் கதை. மதுரையில் பிச்சையெடுத்துக் காணார்க்கும் கேளார்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்தவன் அவன். சிந்தாதேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அளித்தாள்.

இயற்கைப் பேரிடரை பௌத்தம் வினைப்பயன் என்று ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது என்ற பேச்சு நம்மிடையே உண்டு. மணிமேகலையிலும் இந்திரவிழா மறந்ததால் புகாரைக் கடல்கொண்டது என்ற காரணம் வரத்தான் செய்கிறது. ஆனால் சம்யுத்த நிகாயத்தில் மோளியசீவகன் என்னும் பரிவிராசகன், மனிதர் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையால்தானா என்று கேட்கும்போது புத்தர் அதை மறுக்கிறார். பித்தம், சிலேத்துமம், வாதம் ஆகியவற்றோடு பருவமாற்றத்தையும் தனிக் காரணமாக எண்ணுகிறார். வினை அவற்றுள் ஒன்று மட்டுமே. வாடிய வயலைப் பார்த்து உழவனின் பழவினையைத் தேடுவோர்க்கு பௌத்தம் துணைநிற்காது என்பதே நம் முடிவு.

ஏற்பு என்ற சொல்லுக்குள் வேறொன்றும் ஒளிந்துகொள்ளும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது திண்டுக்கல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கும் சற்றே கூடுதலான கூலி போதுமென்று குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கை, மழைப்பொய்ப்பைப் போலவே மாற்ற முடியாத இயற்கை விதியாக அன்று பேசப்பட்டது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மழை பொய்த்ததை ஏற்கலாம். கூலி குறைந்ததையும் அதே மூச்சில் ஏற்கச் சொன்னால் எப்படி?

வஞ்சியில் மாசாத்துவான் மணிமேகலையிடம் புகார் அழிந்த செய்தியைச் சொல்கிறான். அடுத்து அவன் சொல்வது காஞ்சியின் வறட்சியை. அங்கே பசித்த உயிர்கள் காத்திருக்கின்றன, போ என்கிறான். பிறந்த ஊர் போன செய்தியோடு அவள் காஞ்சிக்குச் செல்கிறாள், பாத்திரத்தை ஏந்தி ஊட்டுகிறாள். இழப்பை ஏற்பது என்பதற்குச் சாத்தனார் தரும் உருவம் இது.

ஆபுத்திரனின் முடிவு வேறு. அவனைப் பொறாத இந்திரன் பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டச் செய்தான். விளைச்சல் பெருகியது, ஊட்டுவதற்கு ஆளில்லை, அவனை மதிப்பாரும் இல்லை. சாவக நாட்டில் மழையில்லை என்று கேட்டுக் கப்பலேறியவனை, கப்பல் மணிபல்லவத்தில் விட்டுச் சென்றது. அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்நீத்தான். பசித்தவர் யாருமற்ற தீவில் தன் ஒருவன் வயிற்றுக்காக அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த அவனுக்கு மனம் வரவில்லை.