சன்பீஸ்ட் பகிரங்க மகளிர் டென்னிஸ் சுற்றுப்போட்டி, கொல்கத்தா

சன்பீஸ்ட் பகிரங்க மகளிர் டென்னிஸ் சுற்றுப்போட்டி, மேற்கு வங்கத் தலைநகர் கொல்கத்தாவில் 2005 முதல் 2007 வரை செப்டெம்பர் மாதங்களில் நடந்த தொழில்முறைப் போட்டி. மகளிர் டென்னிஸ் சங்கச் சுற்றின் மூன்றாம் தரநிலைப் போட்டியாக, நேதாஜி உள்ளக அரங்கில் இது ஆடப்பட்டது. இந்தியாவில் நடந்த சங்கச் சுற்றுப் போட்டிகளில் கூரைக்குக் கீழே நடந்தது இது ஒன்றே. ஐதராபாத், பெங்களூர், சென்னை ஆகிய ஏனைய மூன்று நகரங்களிலும் திறந்தவெளியிலேயே ஆடினார்கள். ஒற்றையர் பட்டத்தை முறையே அனஸ்தாசியா மிஸ்கினா, மார்ட்டினா ஹிங்கிஸ், மரியா கிரிலென்கோ ஆகியோர் வென்றனர். 2008இன் போட்டி நாட்காட்டியில் இதற்கு இடம் இருக்கவில்லை.

பெயர்

அனுசரணை வழங்கிய பிஸ்கட் வகையின் பெயரே போட்டியின் பெயராயிற்று. சன்பீஸ்ட் என்ற பெயரில் ஐ.டி.சி. நிறுவனம் 2003இல் பிஸ்கட் சந்தைக்குள் வந்தது. அந்நிறுவனம் 1910இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற புகையிலைக் கம்பனியாகக் கொல்கத்தாவில் தொடங்கியது. இன்றும் அதன் தலைமையகம் அங்கேதான், சௌரங்கிச் சாலையில், வேர்ஜினியா ஹவுஸ் என்ற கட்டடத்தில் இருக்கிறது. சில இடங்களில் இதைக் கொல்கத்தா பகிரங்கப் போட்டி என்றும் எழுதியிருக்கிறார்கள். பதிவேடுகளில் நிலைத்த பெயர் சன்பீஸ்ட் என்பதால் இங்கு அதுவே கொள்ளப்படுகிறது. நடத்தும் பொறுப்பு டென்னிஸ் வீரர் மகேஷ் பூபதியின் குளோபோஸ்போர்ட் நிறுவனத்திடம் இருந்தது.

கூரைக்குக் கீழே மகளிர் டென்னிஸ்: முன்வரலாறு

டென்னிஸ் புல்வெளியில் பிறந்த ஆட்டம். ஆயினும் மழையும் குளிரும் வருடத்தின் பாதியை எடுத்துக்கொள்ளும் நாடுகளில் அது வெகு விரைவிலேயே கூரைக்குள் புகுந்தது. பிரித்தானிய மூடுகள வாகையர் போட்டி 1885இல் இலண்டனில் தொடங்கியது. மரப்பலகைத் தரையில் ஆடப்பட்ட அப்போட்டியில் 1890 முதல் பெண்களுக்கும் தனிப்பிரிவு இருந்தது. அமெரிக்காவில் பெண்களுக்கான தேசிய உள்ளக வாகையர் போட்டி 1907இல் ஆரம்பித்தது.

1908இன் இலண்டன் ஒலிம்பிக்கில் திறந்தவெளி டென்னிசும் உள்ளக டென்னிசும் தனித்தனிப் போட்டிகள். உள்ளகப் பிரிவில் பெண்கள் ஒற்றையர் தங்கத்தைப் பெற்றவர் பிரித்தானியாவின் குவென்டலின் ஈஸ்ட்லேக் ஸ்மித். 1912இல் ஸ்டொக்ஹோமில் அதே பிரிவில் அதே நாட்டின் எடித் ஹன்னம் வென்றார். அத்துடன் உள்ளக டென்னிஸ் ஒலிம்பிக்கிலிருந்து மறைந்தது. இவ்விரு பெண்களையும் டென்னிஸ் நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது நியாயமல்ல. கூரைக்குள் பெண்கள் ஆடி உலகப் பரிசு பெற்ற கதை அவர்களிடமிருந்தே தொடங்குகிறது.

தொழில்முறைக் காலத்தில் உள்ளக அரங்கின் பங்கு இன்னும் பெரியது. 1970இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு போட்டியில் ஆண்கள் வாகையருக்கு 12,500 டொலர், பெண்கள் வாகையருக்கு 1,500 டொலர் என்று அறிவித்தார்கள். அதை எதிர்த்து ஒன்பது வீராங்கனைகள் டென்னிஸ் இதழ் வெளியீட்டாளர் கிளாடிஸ் ஹெல்ட்மனுடன் ஆளுக்கு ஒரு டொலர் ஒப்பந்தம் செய்து, அதே வருடம் செப்டெம்பரில் ஹூஸ்டனில் தனிப் போட்டி ஆடினார்கள். மொத்தப் பரிசு 7,500 டொலர். ரோசி கசால்ஸ் வென்றார். வேர்ஜினியா ஸ்லிம்ஸ் என்ற சிகரெட் பெயர் அனுசரணையாக வந்தது. 1971இலிருந்து நடந்த அந்தச் சுற்று பெரும்பாலும் குளிர்கால மாதங்களில், கூடைப்பந்து அரங்குகளிலும் மாநாட்டு மண்டபங்களிலும் ஓடியது. பெண்கள் டென்னிஸைத் சொந்தக் காலில் நிறுத்தியது இந்த உள்ளகச் சுற்றுத்தான். அந்த ஆண்டிலேயே பில்லி ஜீன் கிங் ஒரே வருடத்தில் ஒரு லட்சம் டொலருக்கு மேல் பரிசு பெற்ற முதல் விளையாட்டு வீராங்கனையானார். 1973 ஜூனில் இலண்டனில் மகளிர் டென்னிஸ் சங்கம் உருவானது. அதே வருடம் செப்டெம்பர் 20ஆம் திகதி ஹூஸ்டன் அஸ்ட்ரோடோமில், 30,472 பேர் நேரில் பார்க்க, கிங் முன்னாள் ஆண்கள் வாகையர் பொபி ரிக்சை 6–4, 6–3, 6–3 என்று வீழ்த்தினார். அந்த ஆட்டத்துக்கும் மேலே கூரைதான் இருந்தது.

பின்னர் ஆண்டு இறுதி வாகையர் போட்டி 1979 முதல் 2000 வரை நியூயோர்க் மடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. 1984 முதல் 1998 வரை அதன் இறுதியாட்டம் ஐந்து செட் ஆட்டம். பெண்களால் ஐந்து செட் ஆட முடியாது என்பவர்களுக்கு அந்தப் பதினைந்து வருடங்களே விடை. ஐரோப்பாவில் பில்டர்ஸ்டாட், சூரிச், லைப்சிக், லின்ஸ் என்று இலையுதிர்காலம் முழுவதும் உள்ளகப் போட்டிகள் வரிசையாக இருந்தன. ஆசியாவில் டோக்கியோவின் பான் பசிபிக் போட்டி 2007 வரை உள்ளகத்தில் ஆடப்பட்டது.

காற்றும் வெயிலும் இல்லாத இடத்தில் பந்து ஆட்டக்காரி நினைத்த இடத்துக்கே போகும். பலத்தை விடக் கோணத்தையும் நேரத்தையும் நம்பி ஆடுபவர்களுக்கு அது பெரிய துணை. ஹிங்கிசின் முதல் ஒற்றையர் பட்டம் 1996இல் பில்டர்ஸ்டாடின் உள்ளகத்தில் வந்தது. கடைசிப் பட்டம் 2007இல் டோக்கியோவின் உள்ளகத்தில். அதற்கு முந்தியது கொல்கத்தாவில்.

தரநிலை

2008 வரை சங்கத்தின் போட்டிகள் தரநிலைகளாக வகுக்கப்பட்டிருந்தன. முதல் தரநிலை பெருவாகைப் (கிராண்ட் ஸ்லாம்) போட்டிகளுக்கு அடுத்த உச்சம். எண் கூடக்கூடப் பணப்பரிசும் தரவரிசைப் புள்ளிகளும் குறையும். இந்தியாவின் முதல் சங்கச் சுற்றுப் போட்டியான ஐதராபாத் (2003–2005) நான்காம் தரநிலை. கொல்கத்தா மூன்றாம் தரநிலையில் தொடங்கி அங்கேயே நின்றது. பெங்களூர் (2006–2008) மூன்றாம் தரநிலையில் தொடங்கி, கடைசி வருடம் 6 லட்சம் டொலர் பரிசுடன் இரண்டாம் தரநிலைக்கு ஏறியது. மூன்று நகரங்களுக்கும் சரியாக மும்மூன்று வருடங்களே வாய்த்தன. ஐதராபாத்தில் ஒற்றையர் பட்டம் வென்றவர்கள் தமாரின் தனசுகார்ன், நிக்கோல் பிரட், சானியா மிர்சா. பெங்களூரில் மாரா சந்தாஞ்சலோ, யாரோஸ்லாவா ஷ்வெடோவா, செரினா வில்லியம்ஸ். இந்த ஒன்பது போட்டிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதே கொல்கத்தாவின் இடம் புரியும். 2009இல் தரநிலை முறை நீக்கப்பட்டு, பிரீமியர், சர்வதேசம் என்ற புதிய பிரிவுகள் வந்தன.

நகரமும் அரங்கும்

கொல்கத்தாவின் டென்னிஸ் என்றால் புல்தரையும் சவுத் கிளப்பும்தான் நினைவுக்கு வரும். 1920இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் தரையில்தான் 1966இல் ராமநாதன் கிருஷ்ணன், பிரேசிலின் தோமாஸ் கோச்சிடம் இரண்டு செட்டுக்கு ஒன்று என்றும், நான்காவது செட்டில் 2–5 என்றும் பின்தங்கியிருந்து மீண்டு வென்று, இந்தியாவை டேவிஸ் கிண்ண இறுதிச் சுற்றுக்குக் கொண்டு சென்றார். தென்காசிப் பக்கத்துத் தமிழர் ஒருவரின் மிகப் பெரிய வெற்றி வங்காள மண்ணில் நிகழ்ந்தது.

சன்பீஸ்ட் போட்டி அந்தப் புல்தரைக்குப் போகவில்லை. காரணம் மழை. இலங்கையின் மாத்தளைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்குவதைப் போல, வங்காளத்தில் ஆனியில் பிடிக்கும் பருவமழை புரட்டாதி வரை விடாது. செப்டெம்பர் நடுப்பகுதியில் திறந்தவெளியில் ஒரு வாரப் போட்டியை வைப்பது சூதாட்டம். ஆகவே ஈடன் கார்டன்ஸ் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டியிருக்கும் நேதாஜி உள்ளக அரங்கு தெரிவானது. 1975இன் உலக மேசைப்பந்து வாகையர் போட்டிக்கென்று கட்டப்பட்ட அந்த அரங்கில் ஏறத்தாழ 12,000 பேர் அமரலாம். கொழும்பு சுகததாச உள்ளக அரங்கைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பை மனதில் கொண்டுவருவது எளிது: ஒரே மண்டபம், நாற்புறமும் படிவரிசை, விளையாட்டுக்கு ஏற்பத் தரை மாறும்.

மூன்று போட்டிகள்

முதல் போட்டி 2005 செப்டெம்பர் 19 முதல் 25 வரை நடந்தது. சானியா மிர்சா அந்த வருடம் பெப்ரவரியில் ஐதராபாத்தில் அலோனா பொண்டரென்கோவை 6–4, 5–7, 6–3 என்று வென்று, சங்கச் சுற்றில் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணாகியிருந்தார். போட்டி தொடங்குவதற்கு முந்திய நாட்களில் அவருடைய ஆட்ட உடையைப் பற்றி மதத் தரப்பிலிருந்து கண்டனம் எழுந்தது. கொல்கத்தாவில் அவருக்குப் பொலிஸ் பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டது. பதினெட்டு வயதுப் பெண் பந்தடிக்கப் போகும் இடத்துக்குக் காவல் போட வேண்டி வந்தது அந்த வருடத்தின் வேதனையான பக்கம்.

இறுதியில் ரஷ்யாவின் மிஸ்கினா, குரோஷியாவின் கரோலினா ஸ்ப்ரெமை 6–2, 6–2 என்று வென்றார். மிஸ்கினா 2004இல் பிரெஞ்சு பகிரங்கப் போட்டியை வென்று, பெருவாகை ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் ரஷ்யப் பெண் என்ற பெயரோடு வந்தவர். கொல்கத்தாவில் பெற்றது அவருடைய பத்தாவது பட்டம். கடைசிப் பட்டமும் அதுவே. இரட்டையரில் அவரும் எலெனா லிகோவ்ட்சேவாவும் இந்திய வம்சாவளிச் சகோதரிகள் ஷிகா, நேஹா உபராய் இணையை 6–1, 6–0 என்று வீழ்த்தினர். புள்ளிகள் ஒருபக்கமாக இருந்தாலும், இந்திய மண்ணில் சங்கச் சுற்று இரட்டையர் இறுதியை அக்காளும் தங்கையும் சேர்ந்து எட்டியது குறிப்பிடத்தக்கது.

2006இன் போட்டியே மூன்றிலும் சிறந்தது. மூன்று வருடம் ஒதுங்கியிருந்து அந்த ஜனவரியில் களத்துக்குத் திரும்பிய ஹிங்கிஸ், மே மாதம் ரோமில் வென்று, செப்டெம்பரில் கொல்கத்தாவுக்கு வந்தார். அரையிறுதியில் சானியாவை 6–1, 6–0 என்று சுருட்டினார். செப்டெம்பர் 24ஆம் திகதி, துர்க்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்த வேளையில், இறுதியில் ஒல்கா புச்கோவாவை 6–0, 6–4 என்று வென்றார். அது அவருடைய 42ஆவது ஒற்றையர் பட்டம். மறு வாரமே சோல் நகரில் சானியா அவரை 4–6, 6–0, 6–4 என்று திருப்பி வென்றார். கூரைக்குள் கிடைத்த பாடம் ஒரு வாரத்தில் பலித்தது என்றே இதைக் கொள்ள வேண்டும். கொல்கத்தா ரசிகர்கள் வெறுங்கையுடன் வீடு போகவும் இல்லை: இரட்டையரில் சானியாவும் லீசல் ஹூபரும் யூலியா பெய்கல்சிமர், யூலியானா பெடாக் இணையை 6–4, 6–0 என்று வென்றனர். அந்த அரையிறுதியில் எதிரெதிரே நின்ற ஹிங்கிசும் சானியாவும் 2015இல் இணையாகி விம்பிள்டனையும் ஐக்கிய அமெரிக்க பகிரங்கப் போட்டியையும், 2016இல் அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியையும் வென்றனர்.

2007இல் மரியா கிரிலென்கோ, உக்ரேனின் மரியா கொரிட்சேவாவை 6–0, 6–2 என்று வென்றார். பதினேழு வயதில் ஐதராபாத் இறுதியில் நிக்கோல் பிரட்டிடம் தோற்றவர் அவர். இந்தியாவில் விட்டதை இந்தியாவிலேயே பிடித்தார். வானியா கிங், அலா குட்ரியாவ்ட்சேவா இரட்டையர் பட்டத்தைப் பெற்றனர். கொரிட்சேவா அல்பேர்ட்டா பிரியான்டியுடன் அந்த இறுதியிலும் 6–1, 6–4 என்று தோற்றார். ஒரே வாரத்தில் இரண்டு இறுதிகளை இழந்தாலும் இரண்டையும் எட்டியவர் என்ற மதிப்பு அவருக்கு உண்டு.

நின்றது

சானியா ஒருவரை நம்பியே போட்டி நடந்தது, அவர் இல்லாததால் நின்றது என்ற பேச்சு உண்டு. அது பொருந்தாது, மூன்று ஒற்றையர் இறுதிகளில் ஒன்றிலும் அவர் இல்லை. நாட்காட்டி நெருக்கடி ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 2008இல் டோக்கியோப் போட்டி பெப்ரவரியிலிருந்து செப்டெம்பருக்கு நகர்ந்து, உள்ளகத்தை விட்டுத் திறந்தவெளிக்கும் போனது. பெய்ஜிங், சோல், குவாங்சோ ஆகியனவும் அதே வாரங்களைச் சுற்றி நின்றன. பெரிய பரிசு இல்லாத மூன்றாம் தரநிலைப் போட்டிக்கு அங்கே இடம் இறுகிவிட்டது. உள்ளகப் போட்டிகளின் பொதுவான தேய்வும் அதே காலத்தது: பிலடெல்பியா 2005உடனும் சூரிச் 2008உடனும் முடிந்தன, விரிப்புத்தளத்தில் கடைசிவரை ஆடிய கியூபெக் 2018இல் நின்றது.

பெங்களூரும் 2008உடன் முடிந்ததால், அடுத்த பதினான்கு வருடங்கள் இந்தியாவில் சங்கத்தின் முதன்மைச் சுற்றுப் போட்டி இல்லை. 2022இல் சென்னை நுங்கம்பாக்கத்தில், திறந்தவெளியில், லிண்டா புருவிர்டோவா வென்ற போட்டியுடன் அது திரும்பியது. 2025இல் அங்கே இந்தோனேசியாவின் ஜனிஸ் ஜென் வென்றார். நேதாஜி உள்ளக அரங்கில் இப்போது பொதுக்கூட்டங்களும் விழாக்களும் நடக்கின்றன.