அனுபவம் பிறக்கும் இடம்: ஸ்டார்பக்ஸை முன்வைத்துச் சில கருத்துகள்

நுகர்வோர் விலையையும் பயனையும் கணக்கிட்டு மட்டுமே பொருள் வாங்குவதில்லை. கற்பனையும் உணர்ச்சியும் மகிழ்ச்சியும் அவர்களது தேர்வில் பங்கு வகிக்கின்றன என்பதை மோரிஸ் ஹோல்ப்ரூக்கும் எலிசபெத் ஹிர்ஷ்மனும் 1982இல் எடுத்துரைத்தனர். 1998இல் ஜோசப் பைனும் ஜேம்ஸ் கில்மோரும் 'அனுபவப் பொருளாதாரம்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். மறு ஆண்டே பெர்ன்ட் ஷ்மிட், புலன், உணர்ச்சி, சிந்தனை, செயல், உறவு என ஐந்து தளங்களில் அனுபவச் சந்தையாக்கத்தை வகுத்துக் கொடுத்தார். இன்று மேலாண்மைத் துறைகளில் இக்கோட்பாடுகள் பாடமாக உள்ளன. ஆயினும், அனுபவத்தை உண்டாக்குவது யார், அது எந்த முடிவுகளால் கெடுகிறது என்ற வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. வணிகப்பெயரின் அனுபவம் விளம்பரப் பிரிவில் பிறப்பதில்லை. உற்பத்தி முறையிலும் பணியாளரின் கைவேலையிலும் பிறக்கிறது, அங்கேயே அழியவும் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதை நிறுவ ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் வரலாறு சான்றாகக் கொள்ளப்படுகிறது.

நாடக உருவகமும் அதன் குறையும்

பைனும் கில்மோரும் தம் நூலில் காப்பியையே எடுத்துக்காட்டாகக் கொண்டனர். கொட்டையாக விற்கும்போது ஒரு கோப்பைக்கு ஓரிரு சென்ட் பெறும் அதே காப்பி, வறுத்து அரைத்துப் பொதிந்ததும் சில சென்ட் கூடுகிறது; சாதாரண உணவகத்தில் ஒரு டாலரை எட்டுகிறது; சூழலும் உபசரிப்பும் சேர்ந்த இடத்தில் பல டாலராகிறது. இந்த விலை ஏற்றத்தை விளக்க அவர்கள் கையாண்ட உருவகம் நாடகம். வேலை என்பது நடிப்பு, வணிகம் என்பது மேடை என்றார்கள்.

இந்த உருவகம் பார்வையாளரின் பக்கத்தை நன்கு விளக்குகிறது. உழைப்பவரின் பக்கத்தையோ மறைத்துவிடுகிறது. டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்ஷீல்ட், ஊதியத்துக்காகத் தம் உணர்வுகளையே ஆள வேண்டியிருக்கும் நிலையை 'உணர்வு உழைப்பு' என 1983லேயே இனங்கண்டார். சந்தையாக்க ஆய்வு இதை முழுமையாக உள்வாங்கவில்லை. பிராகஸ், ஷ்மிட், சரண்டோனெல்லோ ஆகியோர் 2009இல் உருவாக்கிய வணிகப்பெயர் அனுபவ அளவுகோல் இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. அதன் பன்னிரண்டு கூற்றுகளுக்கும் விடை சொல்பவர் நுகர்வோர்தாம். அனுபவத்தை ஆக்கித் தருபவரிடம் அது எதையும் கேட்பதில்லை.

2007ஆம் ஆண்டின் குறிப்பு

1971இல் சியாட்டில் நகரில் காப்பிக்கொட்டைக் கடையாகத் தொடங்கியது ஸ்டார்பக்ஸ். 1982இல் அங்கே பணியில் சேர்ந்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ், மறு ஆண்டு மிலான் சென்றார். அங்குள்ள காப்பிக் கடைகளில் தயாரிப்பவருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே இருந்த பழக்கம் அவரை ஈர்த்தது. 1987இல் நிறுவனத்தை வாங்கி, அந்த உறவையே தொழிலின் அடித்தளமாக்கினார். நெடுங்காலம் விளம்பரத்துக்குப் பெருஞ்செலவு செய்யாமலேயே அந்தப் பெயர் வளர்ந்தது. 1988 முதல் பகுதிநேரப் பணியாளருக்கும் மருத்துவக் காப்பீடு வழங்கியதும், 1991இல் பங்குரிமைத் திட்டம் கொண்டுவந்ததும் அந்த வளர்ச்சியின் பகுதிகளே.

2007 பிப்ரவரியில் ஷுல்ட்ஸ் தம் நிர்வாகிகளுக்கு அனுப்பிய உட்குறிப்பு ஒன்று வெளியே கசிந்தது. பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் குறைவான கடைகள் பதின்மூவாயிரமாகப் பெருகிய வேகத்தில் எவை இழக்கப்பட்டன என்பதை அது பட்டியலிட்டது. தானியங்கி எஸ்பிரஸ்ஸோ இயந்திரங்கள் வேகத்தைக் கூட்டின. ஆனால் அவற்றின் உயரம், காப்பி தயாராவதை வாடிக்கையாளர் காணவிடாமல் மறைத்தது. மணம் போகாத பைகளில் கொட்டையை அடைத்ததால் அது கெடாமல் இருந்தது. ஆனால் கண்முன் அள்ளி அரைக்கும் வழக்கம் ஒழிய, கடையின் மணமும் போயிற்று. ஒரே மாதிரியான கட்டமைப்பு செலவைக் குறைத்தது. கடைகளோ தம் தனித்தன்மையை இழந்தன.

இம்முடிவுகளில் ஒன்றுகூடத் தனியே பார்த்தால் தவறானதன்று. ஒவ்வொன்றுக்கும் கணக்கில் நியாயம் இருந்தது. கெடுதல் அவற்றின் கூட்டு விளைவில் இருந்தது. இவற்றில் எதுவும் சந்தையாக்கப் பிரிவு எடுத்த முடிவாகத் தோன்றாது என்பதும் கருதத்தக்கது. இயந்திரக் கொள்முதலும் பொதியும் முறையும் கட்டடச் செலவும்தாம் வணிகப்பெயரைத் தேய்த்தன.

2008 ஜனவரியில் தலைமைப் பொறுப்புக்குத் திரும்பிய ஷுல்ட்ஸ், பிப்ரவரி 26 மாலை அமெரிக்காவில் ஏறத்தாழ 7,100 கடைகளை மூடிவைத்துப் பணியாளருக்கு எஸ்பிரஸ்ஸோ தயாரிப்பில் பயிற்சி அளித்தார். உயரம் குறைந்த இயந்திரங்கள் வந்தன. கடையிலேயே கொட்டை அரைக்கும் வழக்கம் திரும்பியது. சீரமைப்பு, பறிபோன கைவேலையிலிருந்தே தொடங்கியது.

மறுப்புகள்

நிறுவனம் மீண்டதற்கு இந்நடவடிக்கைகளே காரணம் என்று கூற இயலாது. அதே ஆண்டில் அறுநூறு கடைகளை மூடும் முடிவும் அறிவிக்கப்பட்டது. நிதி நெருக்கடியும் குறுக்கிட்டது. ஆனால் இக்கட்டுரையின் வாதம் மீட்சியைச் சார்ந்ததன்று. அனுபவம் எங்கே குலைந்தது என்பதைச் சார்ந்தது.

விரைவை வாடிக்கையாளரே விரும்பும்போது அதுவும் நல்ல அனுபவந்தானே என்ற வினா இதைவிட வலுவானது. ஆம், விரைவும் அனுபவமே. எனினும் கைபேசியில் வரும் ஆணையையும் எதிரே நிற்பவரையும் ஒரே பணியாளர் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருக்கிறது. விரைவு, நேரடி உபசரிப்பு என்ற இரு வாக்குறுதிகளின் முரணும் அவர் தோளில் இறங்குகிறது. 2021 டிசம்பரில் பஃபலோ நகரக் கடையொன்றின் பணியாளர்கள் தொழிற்சங்கத்துக்கு வாக்களித்ததை, வேலைநிலைமை பற்றிய அவர்களது குரலாகவே கொள்ள வேண்டும். 2024 செப்டம்பரில் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற பிரையன் நிக்கோல் பீங்கான் கோப்பைகளையும் கோப்பையில் கையால் எழுதும் வழக்கத்தையும் மீட்டார். அதோடு நான்கு நிமிடத்துக்குள் பானம் தர வேண்டும் என்ற இலக்கையும் வைத்தார். 2007இல் கண்ட சிக்கல் தீரவில்லை என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

அனுபவத்தை அளக்கும் ஆய்வுகள் நுகர்வோர் கருத்தோடு பணியாளரின் வேலைச்சுமையையும் பயிற்சியையும் சேர்த்தே அளக்க வேண்டும். செலவைக் குறைக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் முன்னர், அதனால் வாடிக்கையாளர் காண்பதும் கேட்பதும் நுகர்வதும் எவ்வாறு மாறும் என்பதை நிறுவனங்கள் ஆராய வேண்டும். தயாரிப்பவருக்கு நேரமும் திறனும் மதிப்பும் தராத நிறுவனம், எத்தனை அழகிய கடை கட்டினாலும் நிலைத்த வணிகப்பெயரைக் கட்ட முடியாது.