வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததா? மெயின் சுவிட்சை போடும் முன் இதை கவனிங்க!

2015 டிசம்பர் மழை, 2023 மிக்ஜாம் புயல் என இரண்டு முறையும் வேளச்சேரி, பள்ளிக்கரணை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, மெயினை ஆன் செய்வது. ஆபத்தே அங்கேதான்.

மின்சாரம்: சுவிட்ச் பாக்ஸுக்குள் ஈரம் தங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயின் ஆஃபிலேயே இருக்கட்டும். மெயின் போர்டே நனைந்திருந்தால் கை வைக்காதீங்க; மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்க.

பிரிட்ஜ், வாஷிங் மெஷின்: வெயிலில் காய வைத்தால் மட்டும் போதாது. மெக்கானிக் பார்த்த பிறகே பிளக்கை சொருகணும்.

இன்சூரன்ஸ்: வீட்டை கழுவும் முன், தண்ணீர் நின்ற அளவையும் நனைந்த பொருட்களையும் போட்டோ எடுங்க. மூழ்கிய கார், பைக்கை ஸ்டார்ட் செய்யாதீங்க. அதனால் இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

சம்ப்: கழிவுநீர் கலந்திருக்கும். முழுசா இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவிய பிறகே நிரப்பணும். குடிக்கும் தண்ணீரை கொதிக்க வையுங்க.

சுவர்: ஜன்னல்களை திறந்து வைத்து, பீரோ, கட்டிலை சுவரை விட்டு தள்ளிப் போடுங்க. ஈரம் காயும் முன் பெயின்ட் அடித்தால், உப்பு பூத்து உரிந்துவிடும். செலவு செய்த காசும் தண்ணீரோடு போன மாதிரிதான்!