ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழு நண்பர் போன் செய்தார். "உத்தியோகம், வெளிநாட்டு வாழ்க்கையெல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க. நீ வேற ஏதாவது எழுதுப்பா" என்றார். ஆகவே ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

1991-ல் மேற்படிப்புக்காக அமெரிக்கா போனேன். நம் விடுதியில் எனக்குப் பக்கத்து அறையில் இருந்தவனும் அதே ஊருக்கு வந்து சேர்ந்தான். சனிக்கிழமை இரவுகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடக் கற்றோம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார். பகடை முடிவு சொல்லும்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974-ல் வெளிவந்த ஆட்டம் இது. அப்போது வீரன், மந்திரவாதி, மதகுரு என மூன்றே தொழில்கள். எல்ஃப் இனத்தவர் மட்டும் பயணத்துக்குப் பயணம் வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறிக்கொள்ளலாம். இரட்டைத் தொழிலுக்கு அதுதான் வித்து.

1978-ல் வந்த விதிநூல் இதை விரிவாக்கியது. மனிதரல்லாத இனத்தார் இரண்டு தொழிலை ஒன்றாகச் செய்யலாம். அனுபவப் புள்ளிகள் சரிபாதியாகப் பிரியும். மனிதனுக்கோ கெடுபிடி. பழைய தொழிலை விட்டுவிட்டு, புதியதை அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும்.

சரிபாதி என்றால் பெரிய நஷ்டம்போலத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படியில்லை. 1989 பதிப்பில் வீரனுக்கு 16,000 புள்ளியில் ஐந்தாம் நிலை, 32,000-ல் ஆறாம் நிலை. அடுத்த நிலைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு வேண்டும். ஆகவே 32,000 புள்ளியில் என் எல்ஃப் ஐந்தாம் நிலை வீரன், கூடவே நான்காம் நிலை மந்திரவாதி. ஒரு படிதான் பின்தங்கல்! உயர்நிலைகளில்தான் இடைவெளி பெருகும்.

2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. எந்த இனத்தாரும் எத்தொழிலையும் சேர்க்கலாம் என்றார்கள். எல்லாரும் கைதட்டினோம். ஆனால் இனி ஒவ்வொரு நிலையையும் ஏதாவது ஒரு தொழிலுக்குத்தான் கொடுக்கமுடியும். ஆறாம் நிலைக்காரன் மூன்று நிலை வீரன், மூன்று நிலை மந்திரவாதி. அவ்வளவுதான். கதவு அகலத் திறந்தது, கட்டணமும் ஏறியது.

இது எனக்கு உறைத்தது 2001-ல். அதே நண்பனின் பாத்திரத்தை ஓர்க் கூட்டம் குறுகிய வழியில் வளைத்துக்கொண்டது. "மச்சான், நெருப்புக் கோளத்தை வீசுடா!" என்றான். அந்த மந்திரத்துக்கு ஐந்து நிலை மந்திரவாதி வேண்டும். என்னிடம் மூன்று. வாளோடு ஓடினேன், அதற்கும் பலம் போதவில்லை. நான்கு வருடமாக அவன் வளர்த்த பாத்திரம் செத்தது. "பரவாயில்லடா" என்றான். அன்றிரவு அதற்குமேல் பேசவில்லை.

2014 பதிப்பிலும் கதை இதுதான். ஐந்தாம் நிலையில் வீரனுக்கு இரண்டாவது அடி, மந்திரவாதிக்கு நெருப்புக் கோளம். மூன்றும் இரண்டுமாகப் பிரித்தவனுக்கு இரண்டுமில்லை.

அப்படியானால் இரட்டைத் தொழில் கூடாதா? கூடும். ஆள் குறைந்த குழுவில் காலி இடத்தை நிரப்ப அதைவிட நல்ல வழியில்லை. ஆனால் என் ஆசைக்கான விலையில் பாதியைப் பக்கத்தில் நிற்பவன் கொடுக்கிறான். அவனைக் கேட்டுவிட்டுப் பிரிக்கவேண்டும். இந்தச் சந்திப்புக்கு அவனும் வருகிறான். இருபது வருடத்துக்கு மேலாகியும் நான் அவனிடம் சொல்லாத 'சாரி'யை, இங்கே அச்சில் சொல்லிவிட்டேன்.