இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னம், சிங்கப்பூர்

இந்திய விடுதலைக்காகப் போரிட்டு மாண்ட இந்திய தேசிய இராணுவத்தின் பெயர் அறியாத வீரர்களுக்காக, சிங்கப்பூரின் எஸ்பிளனேடு கடற்கரைத் திடலில் எழுப்பப்பட்ட சின்னம். 1945 ஜூலை 8 அன்று அப்படையின் தலைவர் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்தரும் மூன்று இந்துஸ்தானிச் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் சிங்கப்பூரை ஜப்பானியரிடமிருந்து மீட்ட பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினர். தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் ஆணை அது. இரண்டே மாதம் நின்ற கல்லுக்கு ஒரு பேரரசு அஞ்சியது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்திய தேசிய இராணுவத்தில், ஜப்பானியரிடம் போர்க்கைதிகளான பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களோடு, மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களும் பெருமளவில் சேர்ந்தனர். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணி படையில் துப்பாக்கி ஏந்தினர். அதன் தலைவி, சென்னையில் பிறந்த மருத்துவர் கேப்டன் லட்சுமி. 1944இல் இம்பால், கோகிமா போர்முனைகளில் குண்டடியைவிடப் பசியும் மலேரியாவும் மழையுமே இவ்வீரர்களை அதிகம் மாய்த்தன.

விடுதலைக்குப் பின்னும் இவர்களில் முன்னாள் சிப்பாய்களை இந்திய இராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972இல் மைய அரசு தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் இவர்களுக்கும் இடம் கிடைத்தது. கால் நூற்றாண்டுத் தாமதத்துக்கு நியாயம் சொல்வது கடினம். மணிப்பூரின் மொய்ராங்கில் இப்படைக்கு நினைவகமும் அருங்காட்சியகமும் உள்ளன. சிங்கப்பூரில் சின்னம் இடிக்கப்பட்ட இடத்தில் 1995இல் தேசிய மரபுடைமைக் கழகம் நினைவுப் பலகை ஒன்றை நிறுவியது.