ஏப்ரல் ஃபூல்ல பொறந்த ஃப்ளாஸ்க்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்த மேட்டர். இன்னைக்கு ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதான் உட்கார்ந்துட்டேன். பொட்டி தட்டுற சமாச்சாரம்தான், ஆனா கோடு ஒரு வரி கூட வராது. பயப்படாம படிக்கலாம் :-)

மொதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. அம்பத்தூர் எஸ்டேட்ல அப்பா லேத் பட்டறை வெச்சிருக்காரு. ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். எந்த கம்பெனிக்கு எத்தனை பீஸ் போச்சு, எந்த பில்லுக்கு காசு வரலைங்கறதெல்லாம் ஒரு நீள நோட்டுல இருக்கும். போன வருஷம் ஒரு டெலிவரி சலான் காணாமப் போச்சு. சரக்கு வந்ததுக்கு அத்தாட்சி இல்லைன்னு வாங்கினவங்க கையை விரிச்சிட்டாங்க. ரெண்டு மாச ஷெட் வாடகை போச்சு. "ஊருக்கெல்லாம் சாஃப்ட்வேர் எழுதறியே, நம்ம பட்டறைக்கு ஒண்ணு எழுதிக் குடேன்டா"ன்னு அப்பா கேட்டாரு. சுருக்குன்னு இருந்துச்சு.

ஆபீஸ்ல செய்யற மாதிரியே பெருசா ஆரம்பிச்சேன். மூணு ஞாயித்துக்கிழமை செட்டிங்லயே போச்சு. நாலாவது வாரம் ஃப்ளாஸ்க்ல உட்கார்ந்தேன். ஒரே ஃபைல், பத்து வரிக்குள்ள, பட்டறை பேரு ப்ரௌசர்ல வந்து நின்னுச்சு. அட, இவ்ளோதானா! இதை யாரு செஞ்சாங்கன்னு நோண்டப் போனப்போ மாட்டின கதைதான் இது.

2004ல ரூபி மொழியில ரெயில்ஸ் வந்துச்சு. 2005 ஜூலைல பைத்தான்ல ஜாங்கோ வெளியாச்சு. ஜாங்கோ பொறந்த இடம் அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல லாரன்ஸ்ங்கற ஊர்ல ஒரு பத்திரிகை ஆபீஸ். செய்தி வந்த வேகத்துல பக்கம் ஏத்தணுங்கறதால டேட்டாபேஸ், லாகின், நிர்வாகப் பக்கம் எல்லாத்தையும் உள்ளயே வெச்சுட்டாங்க. பத்திரிகைக்கு சரி. சலான் நோட்டுக்கு அது கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ரெண்டு பேர் காபி குடிக்கற கதை.

இதுக்கு முன்னாடியே, 2003 டிசம்பர்ல, யாரும் பெருசா கண்டுக்காத ஒரு வேலை நடந்துச்சு. பைத்தான்ல எழுதின வெப் அப்ளிகேஷனும் வெப் சர்வரும் எப்படிப் பேசிக்கணும்னு பிலிப் எபி ஒரு விதிமுறை எழுதினாரு. பேரு டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. பட்டறை பாஷையில சொன்னா, போல்ட்டுக்கு மரை அளவு முடிவு பண்ண மாதிரி. எம் 10 போல்ட்டுன்னா எந்தக் கடையில வாங்கின எம் 10 நட்டும் ஏறும் இல்லையா? அது மாதிரி யாரு எழுதின ஃப்ரேம்வொர்க்கும் யாரு எழுதின சர்வர்லயும் உட்காரலாம்னு ஆச்சு. சின்னதா செய்யறவங்களுக்கு வழி தெறந்தது இங்கதான்.

2005 கடைசியில ரெட்டிட் தளத்தை லிஸ்ப்ல இருந்து பைத்தானுக்கு மாத்தினப்போ, ஆரன் ஸ்வார்ட்ஸ் வெப்.பைன்னு குட்டியா ஒண்ணு எழுதினாரு. 2006 ஜனவரில அதை யாரு வேணா எடுத்துக்கலாம்னு பொதுவுல விட்டுட்டாரு. நம்ம பக்கத்து ஊருக்காரர் ஒருத்தருக்கும் இதுல பங்கு இருக்கு: பெங்களூரு ஆனந்த் சிட்டிபோத்து. ஆரனோட சேர்ந்து வெப்.பைலயும், அதுமேல ஓடற ஓப்பன் லைப்ரரியிலயும் வேலை பாத்தவர். 2013 ஜனவரில ஆரன் 26 வயசுல இறந்துட்டாரு. ஆனா வெப்.பை அவரோட நிக்கலை.

2007ல ரூபி பக்கம் பிளேக் மிசெரானி சினாட்ரா கொண்டு வந்தாரு. பெரிய ரெயில்ஸ் பக்கத்துல ஒரு பொட்டிக்கடை மாதிரி. 2009ல மார்செல் ஹெல்காம்ப் பைத்தான்ல பாட்டில் எழுதினாரு. ஒரே ஃபைல், வேற எதையும் நம்பி இல்லை. "ஒரே ஃபைல்"ங்கறதே அப்போ பெருமையாப் போச்சு.

ஆஸ்திரியாக்காரர் ஆர்மின் ரோனாக்கருக்கு இது சிரிப்பா இருந்திருக்கு. அப்போ அவருக்கு 20 வயசு. 2010 ஏப்ரல் 1ஆம் தேதி "டினைட்"னு ஒரு ஃப்ரேம்வொர்க்கை ஆர்ப்பாட்டமா வெளியிட்டாரு, டெமோ வீடியோவோட. இதுவும் ஒரே ஃபைல்தான்! உள்ள பாத்தா, வெர்க்ஸொய்க், ஜிஞ்சா2ன்னு ரெண்டு முழு லைப்ரரியை ஜிப் பண்ணி, எழுத்தா மாத்தி அதே ஃபைல்ல திணிச்சு வெச்சிருந்தாரு. முழு நக்கல். ஆனா நிறைய பேரு நெஜம்னு நம்பி ஆசையாப் பாத்தாங்க.

சிரிச்சவரு யோசிச்சாரு. இத்தனை பேரு கேக்கறாங்கன்னா தேவை நெஜம்தானே? அதே மாசம் ஃப்ளாஸ்க் 0.1 வெளியாச்சு. பேரு பாட்டிலுக்கு ஒரு குசும்பு. 1.0 வரதுக்கு 2018 ஏப்ரல் ஆச்சு. ஜோக்கா ஆரம்பிச்சதை எட்டு வருஷம் பொறுமையா இழைச்சிருக்காங்க.

எனக்கு உறைச்ச விஷயம் வேற. ஏப்ரல் 1ல ஆரம்பிச்சு ரெண்டே வாரத்துல ஃப்ளாஸ்க் எப்படி வந்துச்சு? அடியில இருந்த வெர்க்ஸொய்க்கும் ஜிஞ்சாவும் அதுக்கு முன்னாடியே வருஷக்கணக்கா உழைச்சு செஞ்சது. ஆர்மினும் கியோர்க் பிராண்டலும் ஒரு விவாதப் பலகை மென்பொருளுக்காக செஞ்ச கருவிகள் அவை. வெர்க்ஸொய்க்னாலே ஜெர்மன்ல கருவின்னுதான் அர்த்தம். அதுக்கும் அடியில 2003ல போட்ட மரை அளவு.

எங்க எஸ்டேட்டும் அப்படித்தானே! 1964ல அம்பத்தூர் எஸ்டேட் ஆரம்பிச்சப்போ இடம், ரோடு, கரண்ட் எல்லாம் ஒரே எடத்துல அமைஞ்சது. அதனாலதான் அப்பா மாதிரி ஆளுங்க ஒரே ஒரு லேத்தோட வந்து இறங்க முடிஞ்சுது. பிளேட்டிங் பக்கத்துத் தெருவுல, ஹீட் ட்ரீட்மென்ட் ரெண்டு தெரு தள்ளி. ஒரு லேத்து போதும்னா, மத்தது எல்லாம் யாரோ செஞ்சு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். சின்னதா ஆரம்பிக்கறவன் தனியா ஆரம்பிக்கலை.

இப்போ அப்பா சலானை மொபைல்ல போட்டோ எடுத்து ஏத்தறாரு. ஃபைல் முந்நூறு வரியைத் தாண்டிடுச்சு, சீக்கிரம் ரெண்டா உடைக்கணும். நீள நோட்டையும் விடலை. "கரண்ட் போனா உன் பொட்டி என்னடா சொல்லும்?"ங்கறாரு. பதில் இல்லை, அவ்வ்வ்வ்...

பி.கு: பெருசா ஆரம்பிச்சு அப்படியே கிடப்புல போட்டது ஏதாச்சும் உங்ககிட்டயும் இருக்கா? ஒரு ஃபைல்ல ஆரம்பிச்சுப் பாருங்க மக்களே.