பரண்ல இருந்து இறங்கின இலவச லேப்டாப்

போன வாரம் ஒரகடம் பக்கத்துல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பரண் சுத்தம் பண்றப்போ ஒரு பழைய பை கீழ இறங்குச்சு. உள்ளே அரசாங்கம் குடுத்த லேப்டாப். இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாள் ஆசை :-)

2011 செப்டம்பர் 15, திருவள்ளூர் பக்கத்துல காக்களூர். அன்னிக்குத்தான் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வச்சார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல பிளஸ் டூ படிக்கிறவங்களுக்கும், அதே மாதிரி கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும். முதல் வருஷத்துக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல. எல்காட் டெண்டர் விட்டு வாங்குச்சு. ஒரே மெஷின்ல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு.

உலகத்துக்கு இது புது யோசனை இல்ல. குழந்தைக்கு ஒரு லேப்டாப்னு நெக்ரோபான்டே 2005லயே 100 டாலர் மெஷினைக் காட்டினார். நம்ம மனிதவள அமைச்சகம் 2006ல வேண்டாம்னுடுச்சு. பெரு நாடு லட்சக்கணக்குல வாங்கிக் குடுத்துச்சு. ஆனா கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் மார்க் ஏறலைன்னு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு.

நிற்க. எங்க ஊர்க் கதைக்கு வர்றேன்.

ஸ்ரீபெரும்புதூர்ல 2007லயே டெல் கம்பெனி கம்ப்யூட்டர் தயாரிக்க ஆரம்பிச்சாச்சு. ஆனா எங்க பிள்ளைங்க பார்த்தது காம்பவுண்டு சுவரைத்தான். அக்கா பொண்ணு முதல்முதலா லேப்டாப்பைத் தொட்டது இந்தத் திட்டத்துலதான். அதுவும் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி! பிளஸ் டூ பாடத்துக்கு அது ஒரு நாள் கூட உதவலை. பாலிடெக்னிக்ல சேர்ந்தப்புறம்தான் தினமும் திறந்தா. அதுல டைப்பிங் பழகினா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிச்சா.

2014 நவம்பர் 1ல நோக்கியா ஆலை மூடினப்போ எங்க தெருவுல பல வீட்டுல சம்பளம் நின்னுபோச்சு. லேப்டாப்பை வித்துடலாமான்னு மாமா கேட்டார். "அது அவ புஸ்தகம் மாதிரிங்க, விக்கக்கூடாது"ன்னு அக்கா ஒரே பிடிவாதம். அடுத்த வருஷம் அவ வேலைக்கு விண்ணப்பம் போட்டதும் அதே மெஷின்லதான்.

தாமதம் மட்டும் தீரவே இல்ல. 2019ல, பிளஸ் டூ முடிச்சுட்டுப் போனவங்க "எங்க லேப்டாப் எங்கே"ன்னு பல ஊர்ல போராட்டம் பண்ணாங்க. 2020 மார்ச்ல பள்ளிக்கூடங்களை மூடினாங்க. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் ரொம்பத் தேவைப்பட்ட அந்த நேரத்துலதான் திட்டமும் நின்னுபோச்சு. அவளோட கடைசித் தம்பி, பேட்டரி செத்துப்போன அந்த லேப்டாப்பை பிளக்ல மாட்டி வச்சுத்தான் பிளஸ் ஒன் படிச்சான்.

2025 மார்ச் பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குன்னு மறுபடி அறிவிச்சாங்க. சந்தோஷம்தான். ஆனா பள்ளிக்கூடப் பிள்ளைங்க? குடுத்தது வீண்னு சொல்றவங்க எங்க அக்கா வீட்டுக்கு வந்து பாருங்க. என் குறை ஒண்ணே ஒண்ணுதான். பிளஸ் ஒன் முதல் நாளே கையில குடுத்திருக்கணும்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு இருக்கா?